பானையிலிருந்து எடுங்க, மிஸ்டர் முத்துக்கருப்பன்

கிரேஸ் செல்வமணி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் நாலு தோசை தின்றுவிட்டு, கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். கல்லூரி வாட்ச்மேன் ஆனையூரில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சார், மேடம் போயிட்டாங்க. காலையில ஆஸ்பத்திரியில வச்சு" என்றார். நான் முதலில் செய்த காரியம் டீயைக் கீழே வைத்தது. துக்கத்தால் அல்ல. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை அந்த அம்மாள் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பழைய பயம். செத்துப்போன பிறகும் ஒருவர் என் டீயை ஆறவைக்கிறார் என்றால் அவரைப் பற்றி நான் எப்படி எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் அவரைச் சாந்தமே உருவானவர் என்றார்கள், அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்றார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று மேடையில் மாலை போட்டிருந்த படத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அவரேதான். கூட்டம் முடிந்ததும் மனையியல் துறை மாணவிகள் சுட்ட கேப்பை பிஸ்கட்டும், கூடவே டீயும் கொடுத்தார்கள். கேப்பையையும் டீயையும் ஒரே வாயில் போடாதீர்கள், டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவருக்கு நாம் செய்த மரியாதை அது. ஆண்டு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நல்லதாக எழுதத் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அவரோடு எனக்கு நடந்த முதல் சண்டையே டீயில்தான் தொடங்கியது. வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டரான என்னை மனையியல் துறை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு பிளாஸ்கைத் திறந்தேன். எதிர் மேஜையிலிருந்து எழுந்து வந்தார், பிளாஸ்கை வாங்கினார், மூடினார், என் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே கொடுத்தார். "ஒரு மணி நேரம் கழிச்சுத் திறங்க, மிஸ்டர் முத்துக்கருப்பன்." அவருக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி நரை. பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தும் ஒரு நாள்கூட அவர் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை.

அவருடைய பிடிவாதம் முழுக்க ஒரே இடத்தில்தான் இருந்தது. "தின்னது எம்புட்டுன்னு எல்லாரும் எழுதுறாங்க. உடம்புல ஒட்டினது எம்புட்டுன்னு எவனும் எழுத மாட்டேங்குறான்" என்பார். 'எம்புட்டு' என்பது அவர் பேச்சு அல்ல. மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டில் பிறந்து இலக்கணமாகப் பேசிப் பழகியவர். கோபம் வந்தால் மட்டும் மதுரை வந்துவிடும். கேப்பையிலும் கம்பிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் தானியத்தின் மேல்தோலை ஒட்டி பைட்டிக் அமிலம் என்று ஒன்றும் இருக்கிறது. அது இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், குடலுக்குள் போனாலும் விடாது. மில்லில் தவிட்டைச் சலித்து எடுத்தால் அமிலம் குறையும், கூடவே இரும்பும் போய்விடும். ஊறவைத்தாலோ, முளைகட்டினாலோ, புளிக்கவைத்தாலோ இரும்பு இருக்கும், அமிலம் மட்டும் உடையும். இதுதான் அவருடைய வேதம். இதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், என் மைத்துனன் நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாரிடம் சொன்னார்.

ஒரு தடவை அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் தாய்மார்களைக் கூட்டி உட்காரவைத்தார். "விதை தன் முளைக்குன்னு சத்தைப் பூட்டி வச்சிருக்கும்மா. தண்ணி பட்டு, முளை விடுற நேரம் வந்தாத்தான் திறக்கும். அதுவரைக்கும் நமக்குத் தராது" என்றார். கூட்டத்தில் ஒருத்தி, "அப்ப அதுக்கு நாம விதைக்கப்போறம்னு ஆசை காட்டி, ஏமாத்திப் பிடுங்கித் திங்கணும், அதான டீச்சர்?" என்று கேட்டாள். மேடம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் முதுகலை வகுப்பில் அதையே வார்த்தை பிசகாமல் சொல்லி, அந்தப் பெண்ணின் ஊரையும் பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

எங்கள் ஆராய்ச்சியை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுபதுகளின் பிற்பாதி. இரண்டு பால்வாடிகள். அலங்காநல்லூர் பக்கத்துப் பால்வாடியில் பிள்ளைகளுக்கு முளைகட்டி உலர்த்தி அரைத்த கேப்பை மாவில் கூழ். மேலூர் பக்கத்துப் பால்வாடியில் சர்க்கார் சமையல் குறிப்பில் சொன்னபடி, மில் மாவைக் காலையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு நேரடியாகக் கிண்டிய கூழ். ஒரு வருஷம் மாதாமாதம் பிள்ளைகள் விரலில் குத்தி ரத்தம் பார்க்கவேண்டும். முளைகட்டிய மாவு தின்ற பிள்ளைகளுக்கு ரத்தம் கூடினால் மாவட்டத்துப் பால்வாடி எல்லாவற்றிலும் சமையல் முறையை மாற்றுவதாக ஓர் அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். மேடத்துக்கு அதுதான் வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. அந்த ஆராய்ச்சியை வைத்து நான் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். பட்டம் வந்தால் விரிவுரையாளர். வராவிட்டால் சாகிறவரை டெமான்ஸ்ட்ரேட்டர், பிப்பெட் கழுவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அந்த ஒரு வருஷம் என் வீடு வீடாக இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலித் தொல்லை என்று முளைகட்டும் வேலையை மேடம் ஆனையூருக்கு மாற்றினார். என்னிடம் கேட்கவில்லை. என் மனைவி பாக்கியத்திடம் கேட்டார். அவள் அப்போது சரி என்று சொல்லிவிட்டு ஒரு வருஷம் முழுக்க என்னை வைதாள். என் வேட்டிகளில் கேப்பையை நனைத்து மூட்டை கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்போம். சொட்டுச் சொட்டாகச் சிவப்புத் தண்ணீர் வடியும். மழைக் காலத்தில் பூஞ்சை பிடித்து நாற்றமெடுத்தது. மேடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வந்து, செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் மூட்டைகளை மோந்து பார்ப்பார். பிறகு அடுப்படியில் என் அம்மாவோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. எப்போது கிளம்புவார் என்பதுதான் என் கவலை.

வேலை விஷயத்தில் அவருக்கும் எனக்கும் தீராத தகராறு ஒன்று உண்டு. சோதனைக்கு மாதிரி எடுப்பது என் பொறுப்பு. நான் மாவு டப்பாவிலிருந்து எடுப்பேன். "பானையிலிருந்து எடுங்க, மிஸ்டர் முத்துக்கருப்பன். பிள்ளைக டப்பாவையா திங்குது?" என்பார். மேலூரிலிருந்து பஸ்ஸில் கூழைக் கொண்டுவந்தால் வெயிலில் கெட்டுப்போகும் என்பேன். ஐஸ் வைத்துக் கொண்டுவாங்க என்பார். ஐஸ் உருகிவிடும் என்பேன். பஸ் கண்டக்டர் தூக்குவாளியை ஏற்ற விடமாட்டார் என்பேன். ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் முடிந்து முடிவு வந்தது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ரத்தம் கூடியிருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு. முளைகட்டியதும் கட்டாததும் ஒன்றுதான் என்றது எங்கள் தாள். மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. அதிகாரிக்கு மட்டும் ஏக சந்தோஷம். "நல்லதாப் போச்சு மேடம். ஊறவைக்கிறது, முளைகட்டுறது, புளிக்கவைக்கிறது ஒண்ணும் வேண்டாம். மாவைக் கிண்டி ஊத்துனா போதும்னு எல்லா பால்வாடிக்கும் ஆர்டர் போட்டுர்றேன். எவளாவது முந்தின நாளே கரைச்சு வச்சுப் புளிப்பேத்துனா சுத்தக்குறைவுன்னு மெமோ கொடுக்கலாம்" என்றார். உங்கள் ஆராய்ச்சிதான் ஆதாரம் என்றும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் பட்டத்துக்கு என் வழிகாட்டியாக இருந்தவரும், வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான், எழுதிக் கொடுத்துவிடு, பட்டம் வந்துவிடும் என்றார். நான் முதல் அத்தியாயத்தை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மேடம் எழுந்து, "வாங்க, மேலூர் போவோம்" என்றார். "ரத்தம் பார்க்கவா?" என்றேன். "பசிக்குது. கூழ் குடிக்கப் போறேன்" என்றார்.

எப்போதும் பதினொரு மணிக்கு, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தப் பால்வாடிக்குப் போவோம். அன்று பானை அடுப்பிலிருந்து இறங்கும்போதே போய்விட்டோம். சமையல் ஆயா பெயர் பேச்சி. நல்ல உழைப்பாளி, கொஞ்சம் வாய். மேடம் பிள்ளைகளோடு வரிசையில் தரையில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். பேச்சி பதறிப்போய், "டீச்சரம்மா, உங்களுக்கு ஆகாதும்மா, காப்பி போட்டுத் தாரேன்" என்றாள். மேடம் அசையவில்லை. ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பேச்சியைப் பார்த்தார்.

"புளிக்குதே பேச்சி."

"புளிக்காமப் பின்ன? நேத்துச் சாயங்காலம் கரைச்சு வச்சதும்மா."

"காலையில மாவைப் போட்டு நேராக் கிண்டணும்னுதானே எழுதிக் கொடுத்திருக்கு. சுவத்துல ஒட்டியிருக்கே."

"ஒட்டியிருக்கு. ஆரு இல்லன்னது?" என்றாள் பேச்சி. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். "ஆனா புளிக்காத கூழைப் பச்சப்புள்ளைகளுக்கு எப்படிம்மா ஊத்துறது? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவும். எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட அப்படி ஊத்த மாட்டோம். நீங்க படிச்சவுக, தெரியாம எழுதிட்டீக. நான் ஒண்ணும் ஆருகிட்டயும் சொல்லல."

எத்தனை நாளாக என்று மேடம் கேட்டார். மொத நாளிலிருந்தே என்றாள். ஆக, ஒரு வருஷம் முழுக்க நாங்கள் முளைகட்டிய கூழையும் நேரடியாகக் கிண்டிய கூழையும் ஒப்பிடவில்லை. ஒரு பக்கம் முளைகட்டியது, மறுபக்கம் புளிக்கவைத்தது. இரண்டிலும் அமிலம் உடைந்துதான் இருந்தது. பச்சை மாவுக் கூழ் குடித்த பிள்ளை ஒன்றுகூட எங்கள் ஆராய்ச்சியில் இல்லை. மேடத்துக்குத் தெரியாமல் ஒரு சமையல் ஆயா, எங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், எங்கள் ஆராய்ச்சியைக் குழி தோண்டிப் புதைத்திருந்தாள். நான் அங்கேயே கத்தியிருப்பேன். மேடம் தட்டை மறுபடியும் நீட்டி, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். "நான் உன்னைத்தான் மொதல்ல கேட்டிருக்கணும் பேச்சி" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் ஒத்தக்கடைக்கு வந்தது. மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "மிஸ்டர் முத்துக்கருப்பன், நீங்க சின்ன வயசுல கூழ் குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி தொடங்கிய மூன்றாம் மாதம் நான் தனியாக மேலூர் போயிருந்தபோது, வெயிலில் வந்த சாருக்கு ஒரு வாய் என்று பேச்சி எனக்கு மிச்சக் கூழைக் கொடுத்தாள். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? பள்ளி இறுதி வரை என் மூன்று வேளையும் அதுதான். ஒரு ராத்திரி புளித்ததா இரண்டு ராத்திரியா என்றுகூட என்னால் சொல்ல முடியும். சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். முளைகட்டியது எப்படியும் கொஞ்சம் மேலாகத்தான் நிற்கும், அந்த வித்தியாசம் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு டப்பாவிலிருந்து மாவை எடுத்துக்கொண்டு வந்தேன். பானையிலிருந்து எடுக்க நான் ஏன் காரணம் தேடினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பஸ்ஸில் அவருக்கு நான் சொன்ன பதில்: "இல்லை மேடம். எங்க வீட்டுல எப்பவும் அரிசிச் சோறுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். 

மறுநாளே அதிகாரிக்குக் கடிதம் போனது. ஆராய்ச்சி செல்லாது, முடிவைத் திரும்பப் பெறுகிறேன், சமைக்கிறவரைக் கேட்காமல் திட்டம் போட்டது முழுக்க என் தவறு, உதவியாளர் மீது எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் பட்டம் போனது. டைப் அடித்த அத்தியாயத்தைத் திரும்ப வாங்கி வந்தேன். இரண்டு கேப்பைக் கூழுக்காக என் வாழ்க்கையைக் கெடுத்தீர்களே என்று துறை வராந்தாவில் நின்று அவரிடம் கத்தினேன். உங்களில் சிலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் வகுப்பு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏழெட்டு மாதம் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. அவர் என் பிளாஸ்கை மட்டும் வழக்கம்போல மதியம் பூட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி சும்மா விடவில்லை. போடவேண்டிய ஆர்டரைப் போடவிடாமல் கெடுத்துவிட்டீர்கள் என்று மேடத்தைத் திட்டி எழுதினார். முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைப்பதை அனுமதிக்கச் சொல்லி மேடம் பதில் எழுதினார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், அவருக்கும் மேடம் எழுதினார். மூன்றாவது ஆளுக்கும் எழுதினார். கடைசியில் சமையல் குறிப்பில் ஒரு வரி சேர்ந்தது: 'மாவை முந்தின நாள் மாலையே கரைத்து வைக்கவும்.' அவ்வளவுதான். அவர் பெயர் அதில் இல்லை, பேச்சி பெயரும் இல்லை. அந்த அட்டையை மேலூர் பால்வாடிச் சுவரில் அவரே கொண்டுபோய் ஒட்டினார். பேச்சி அதைக் கூட்டிப் படித்துவிட்டு, "இதைத்தானம்மா நான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். இதுக்கா இம்புட்டு நாளு?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி மேடம் சிரிப்பார்.

இனி எழுதவேண்டியது போன வாரம் நடந்தது. இரங்கல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, இந்தக் கட்டுரைக்காகப் பழசையெல்லாம் பாக்கியத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவுகளுக்குத் தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்கம்மா மொத வாரமே சொல்லிட்டாங்க. இந்த மூட்டையெல்லாம் கட்டுறப்ப அடுப்படியில வச்சு. எம்புள்ளை கூழு குடிச்சே வளந்தவன், ஒரு மடக்குல நேத்துக் கூழா முந்தாநாள் கூழான்னு சொல்லிருவான்னு ஒரே பெருமை. நானும் பக்கத்துலதான் இருந்தேன். அதைக் கேட்டுட்டு அந்தம்மா, அப்ப மேலூருக்கு அவரையே அனுப்புறேன்னு சொன்னாங்க."

அப்படியென்றால் அந்தப் பஸ்ஸில் அவர் என்னிடம் விஷயம் கேட்கவில்லை. பதில் அவரிடமே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு ஒரு வழி விட்டார். நான் அதையும் அடைத்தேன். மேலூரில் நான் ருசி பார்த்துவிட்டு மறைத்தது அந்தப் பொய்யிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். மறுநாள் உட்கார்ந்து, உதவியாளர் மீது குறையில்லை என்று எழுதி, என் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த எழுத்தை வைத்துத்தான் நான் வேலையில் நீடித்தேன். அவரிடம் நான் வராந்தாவில் நின்று கத்தியபோதும் அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு, சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்படி ஒரு மனுஷியிடம் யார்தான் வேலை பார்க்க முடியும்?

அவருடைய பொருள்களில் எனக்கென்று எதுவும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்தப் பஸ் கேள்வி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை அவர் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார், பதில் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரை அறிந்த நீங்கள் அனைவரும் சாட்சியாக இருக்க, பத்து வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

குடிச்சிருக்கேன், மேடம். மூணு வேளையும் குடிச்சிருக்கேன். அன்னைக்கு மேலூர்லயும் குடிச்சேன். ஒரு ராத்திரி புளிச்ச கூழ்.